ஷிவல்ரி பெண்ணை மதித்ததா? இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "இடைக்கால ஐரோப்பாவில் தத்துவவாதிகளும் சர்ச்சும் பெண்ணை மட்டமாகப் பேசினார்கள். ஆனால் அதே காலத்து நைட்டுகள், அதாவது குதிரைவீரர்கள், ஷிவல்ரி என்ற வீர ஒழுக்கநெறியின் பெயரில் பெண்ணைத் தெய்வம்போல் கொண்டாடினார்கள் என்றும் படிக்கிறோம். ஒரே சமூகத்தில் இரண்டும் எப்படி நடந்தது?"

தத்துவம், மதம், ஷிவல்ரி என்று தனித்தனிக் கட்சிகள் இருந்து அவற்றுக்குள் சண்டை நடந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லை. ஒரு பிரபு வீட்டில் மூத்த மகன் நிலத்துக்கு வாரிசு, அடுத்தவன் வாளும் குதிரையுமாக ஊர் ஊராகப் போவான், இன்னொருவன் சர்ச்சுக்குப் போவான். அரண்மனையில் காதல் காவியம் எழுதியவர்களில் பலர் லத்தீன் படித்த சர்ச் ஆட்கள். ஆட்கள் ஒன்றாக இருக்கும்போது எண்ணம் மட்டும் எப்படி இரண்டாக இருக்கும்? சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

வேர் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. விலங்குகளின் பிறப்பைப் பற்றிய நூலில் அவர் பெண்ணை 'குறைபட்ட ஆண்' என்கிற மாதிரி விளக்கினார். உடலில் சூடு போதாததால் பெண்ணால் இரத்தத்தைப் பக்குவப்படுத்தி விந்தாக்க முடியவில்லை. ஆகவே பிள்ளைக்கு உருவம் கொடுப்பது ஆண், வெறும் பொருளைக் கொடுப்பது பெண் என்பது அவர் கணக்கு. அரசியல் நூலில் இதையே குடும்பத்துக்கு நீட்டினார்: அடிமைக்கு யோசித்து முடிவெடுக்கும் திறன் கிடையாது, குழந்தைக்கு அது முதிரவில்லை, பெண்ணுக்கு இருக்கிறது, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல் குறைவு என்றுகூட எழுதி வைத்தார். வீட்டில் யாரையாவது வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் தீர்ந்திருக்கும்!

அவருடைய ஆசிரியர் பிளேட்டோ கொஞ்சம் தேவலை. இலட்சிய நகரத்தைக் காக்கும் வகுப்பில் தகுதியுள்ள பெண்களும் இருக்கலாம் என்றார். ஆனால் கோழையாக வாழ்ந்த ஆண்கள் மறுபிறவியில் பெண்ணாகப் பிறப்பார்கள் என்று இன்னொரு உரையாடலில் எழுதியவரும் அவர்தான். இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் ஓங்கியது அரிஸ்டாட்டிலின் குரல். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அரபியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அவருடைய நூல்கள் லத்தீனுக்கு வந்தன, பாரிசில் பாடமாயின.

மதத்தின் பக்கம் கதை இவ்வளவு நேர்கோடு இல்லை. புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இரண்டு குரல்கள் இருக்கின்றன. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்று வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், உபதேசம் பண்ணவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவு இல்லை என்று வருகிறது. காரணமாக ஏவாள் வஞ்சிக்கப்பட்ட கதை சொல்லப்படுகிறது. பின்னால் வந்தவர்கள் எந்த வரியை எடுத்து வீசினார்கள் என்பதுதான் வரலாறு. கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பெண்களின் நகை, உடை பற்றிய நூலில் அவர்களைப் பார்த்து 'பிசாசின் வாசல் நீங்கள்' என்றார்.

ஜெரோம் இன்னும் சுவாரசியமான ஆள். திருமணமும் கன்னிமையும் ஒன்றுதான் என்று ஜோவினியன் என்பவர் சொல்லப்போக, 393 வாக்கில் அவருக்கு மறுப்பு எழுதினார். மனைவி என்பவள் எத்தனை விதத்தில் தொல்லை என்று அதில் பக்கம் பக்கமாக அடுக்கினார். அதே ஜெரோம் பெத்லகேமில் உட்கார்ந்து பைபிளை மொழிபெயர்த்தபோது, மடங்களைக் கட்டப் பணம் கொடுத்தவர் பவுலா என்ற ரோமானியச் சீமாட்டி. பவுலாவும் அவர் மகள் யூஸ்டோக்கியமும் எபிரேயம் படித்தார்கள். பல மொழிபெயர்ப்புகளை ஜெரோம் அவர்களுக்கே சமர்ப்பித்தார். பெண்களுக்குப் போய்ச் சமர்ப்பிப்பதா என்று கேலி செய்தவர்களுக்கு முன்னுரையிலேயே பதிலும் கொடுத்தார். ஆனால் அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்கு மாணவர்கள் பிரதி எடுத்துப் படித்தது மனைவிமார்களைத் திட்டிய பக்கங்களைத்தான். அந்த முன்னுரையை யார் மனப்பாடம் செய்தார்கள்?

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் என்ற இறையியலாளர் ஏவாளையும் அரிஸ்டாட்டிலையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். தனிப்பட்ட இயற்கையாகப் பார்த்தால் பெண் குறையுடன் உண்டானவள். மொத்தப் படைப்பின் நோக்கத்தைப் பார்த்தால் அவள் குறை அல்ல, இனப்பெருக்கத்துக்காகக் கடவுள் திட்டமிட்டதுதான் என்று பாதியை எடுத்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பெண் விலாவிலிருந்து எடுக்கப்பட்டதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. ஆளக்கூடாது என்பதால் தலையிலிருந்து எடுக்கவில்லை, அடிமையாக மிதிபடக்கூடாது என்பதால் காலிலிருந்தும் எடுக்கவில்லை. அக்குவைனாஸைப் பெண் வெறுப்பாளர் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை. அவரிடம் இருந்தது வெறுப்பு இல்லை. பெண் ஒரு படி கீழே என்பது அவருக்கு வானம் மேலே இருப்பதுபோல ஒரு தகவல், அவ்வளவுதான். ஒரு விதத்தில் வெறுப்பைவிட அது மோசம். வெறுப்பாக இருந்தால் எதிர்த்து வாதாடலாம்.

நிஜமான காட்டம் வேறிடத்திலிருந்து வந்தது. 11ஆம் நூற்றாண்டு வரை பல ஊர்களில் பாதிரியார்கள் மனைவி மக்களுடன் இருந்தார்கள். அப்புறம் வந்த சீர்திருத்தத்தில் குருக்களுக்குத் துறவு கட்டாயமானது. 1139இல் கூடிய சர்ச்சின் பேரவையான இரண்டாம் லாத்தரன் சங்கம் குருக்களின் திருமணமே செல்லாது என்றது. எழுதத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது பெண்ணைத் தவிர்ப்பதையே தொழில்முறை ஒழுக்கமாகக் கொண்ட ஆண்கள். பெண் என்றால் ஆபத்து என்று அவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டதுதான் நூலாகி, பாடமாகி, பழமொழியாகி ஊருக்குள் வந்தது.

மத்தியோலஸ் என்ற ஆளின் கதை இதற்கு நல்ல சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில் இருந்த சர்ச் எழுத்தர் அவர். கீழ்நிலை எழுத்தர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் விதவையை மணந்தால் அது இரண்டாம் திருமணத்துக்குச் சமம். 1274இல் லியோன் சங்கம் அப்படிப்பட்டவர்களின் எழுத்தர் சலுகைகளையெல்லாம் பறித்தது. மத்தியோலஸ் மணந்தது ஒரு விதவையை. பதவி, வரிச்சலுகை, அந்தஸ்து எல்லாம் போயிற்று. விதியை எழுதியவர்களைத் திட்ட முடியுமா? மனைவியைத் திட்டி லத்தீனில் நீண்ட புலம்பல் ஒன்றை எழுதினார், கூடவே பெண் குலத்தையும். அடுத்த நூற்றாண்டில் அது பிரெஞ்சில் வந்து நன்றாக ஓடியது. இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வருவார்.

இப்போது ஷிவல்ரி. இதன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க, அந்தக் காவியங்களையே திறந்தால் போதும். 12ஆம் நூற்றாண்டில் கிரெத்தியான் த த்ருவா எழுதிய லான்ஸ்லாட் காவியத்தில் அர்த்தர் நாட்டு வழக்கம் ஒன்று வருகிறது. ஒரு நைட் வழியில் தனியாகப் போகும் பெண்ணைச் சந்தித்தால் அவளுக்கு ஒரு தீங்கும் செய்யக்கூடாது. செய்தால் எந்த அரசவையிலும் அவன் முகம் காட்ட முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அடுத்த வரிகளில், அவளுக்குத் துணையாக வேறொரு நைட் போய்க்கொண்டிருந்தால், அவனோடு சண்டை போட்டு ஜெயித்தவன் அவளைத் தன் இஷ்டம்போல் நடத்தலாம், அதில் அவமானம் ஏதும் இல்லை என்று வருகிறது. அவள் சம்மதம் இரண்டு இடத்திலும் பேச்சிலேயே இல்லை. அங்கே நடப்பது இரண்டு ஆண்களுக்கு நடுவிலான கௌரவக் கணக்கு. தனியாக இருப்பவளைத் தொட்டால் வீரம் நிரூபணமாகாது, துணையோடு போகிறவளை ஜெயித்தால் நிரூபணமாகும்.

இந்தக் காவியத்தை எழுதச் சொன்னவர் ஷாம்பெய்ன் சீமாட்டி மரீ, அதாவது புகழ்பெற்ற எலினோர் ராணியின் மகள். அவருடைய பெயர் அடிபடும் இன்னொரு நூல், அந்திரேயாஸ் என்ற சிற்றாலய குரு 1180களில் காதலைப் பற்றி லத்தீனில் எழுதியது. சீமாட்டியிடம் எப்படிப் பணிந்து பேசுவது, அவள் மறுத்தால் எப்படிப் பொறுத்திருப்பது என்று பாடம் பாடமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நடுவில் குடியானவப் பெண்களைப் பற்றி ஒரு சின்ன அத்தியாயம். அவர்களில் ஒருத்தி மேல் ஆசை வந்துவிட்டால், நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு, வசதியான இடம் கிடைத்ததும் கொஞ்சம் பலத்தைப் பயன்படுத்தத் தயங்காதே என்கிறார். மூன்றாம் பகுதியில் அப்படியே பல்டி அடித்து, பெண்கள் பேராசைக்காரிகள், பொய்காரிகள், பெருந்தீனிக்காரிகள் என்று வழக்கமான பட்டியலை வாசிக்கிறார். அது முழுக்கக் கிண்டல் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இருக்கட்டும். கிண்டல் என்றாலும் கேட்பவர்களுக்குப் புரிந்தால்தானே சிரிப்பு வரும்? ஷிவல்ரி பெண்ணை மதித்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தப் பெண்ணை என்றுதான்.

நிலம் இருந்த பெண்ணை என்பது பெருமளவு சரியான பதில். 1185இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி அரசர் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். அரசரின் பிடியில் இருக்கும் விதவைகள், அநாதை வாரிசுகள் யார் யார் என்று மாவட்டம் மாவட்டமாகப் பதிவு. அந்தச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேராகவும் வயது, யார் மகள், பிள்ளைகள் எத்தனை, நிலத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு, இன்னும் ஆடு மாடுகள் விட்டால் எவ்வளவு கூடும் என்று எழுதியிருக்கிறது. யாருக்குக் கட்டிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கான ஏட்டுக்கணக்கு அது. விதவையை அவள் விருப்பத்துக்கு மாறாக மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 1215இல் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தில் ஒரு தனி விதியே போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆவணத்தின் 54ஆம் விதியில், ஒரு பெண் கொடுக்கும் கொலைப் புகாரில் யாரையும் கைது செய்யக்கூடாது, செத்தவன் அவள் கணவனாக இருந்தால் ஒழிய, என்றும் இருக்கிறது.

ஷிவல்ரிக்கு உதாரண புருஷராகச் சொல்லப்படுபவர் வில்லியம் மார்ஷல். நிலமில்லாத இளைய மகன். போட்டிச் சண்டைகளில் ஜெயித்துப் பேர் வாங்கினார். அவரைப் பெரிய மனிதராக்கியது வாள் மட்டும் இல்லை. 1189இல், நாற்பது தாண்டிய அவருக்கு, லண்டன் கோட்டையில் அரசரின் பொறுப்பில் இருந்த இசபெல் டி கிளேர் என்ற இளம்பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். வேல்சின் எல்லையிலும் அயர்லாந்திலும் பரந்து கிடந்த சொத்துக்கு வாரிசு அவர். சேவைக்குச் சம்பளமாக ஒரு மனைவி! இசபெலிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, எனக்குப் பிடித்த இடமே இனிமேல்தான். 1207இல் ஜான் அரசர் மார்ஷலை அயர்லாந்திலிருந்து திரும்ப அழைக்கிறார். கர்ப்பிணியான இசபெலை அங்கே விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை. மார்ஷலின் வாழ்க்கையைப் பாடிய பிரெஞ்சுக் காவியம் சொல்கிறபடி, அவர் தன் ஆட்களைக் கூட்டி, மனைவியின் கையைப் பிடித்து முன்னே நிறுத்தி, இவர் உங்கள் எஜமானி, உங்களுக்கு நிலம் கொடுத்த பிரபுவின் மகள், எனக்கு இங்கே இருப்பதெல்லாம் இவர் மூலமாக வந்ததுதான் என்றார். பின்பு எதிரிகள் கில்கென்னியில் முற்றுகை போட்டபோது இசபெல் தாக்குப்பிடித்தார். பெண்ணுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்று அரிஸ்டாட்டில் சொன்னதை யாரும் அன்று அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை போலும். நடைமுறையில் நிலமும் கோட்டையும் இருந்த இடத்தில் கோட்பாடு வாயைப் பொத்திக்கொண்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. தென்பிரான்சில் காதல் கவிதை மரபில் பெண்களும் பாடினார்கள். தியா சீமாட்டி பாடிய ஒரு பாட்டு ராகத்தோடு நமக்குக் கிடைத்திருக்கிறது, துரோகம் செய்த காதலனைச் சாடும் பாட்டு. மாதா வழிபாடு பெண்ணை உயர்த்தியது என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கன்னியாகவும் தாயாகவும் ஒரே நேரத்தில் இருந்தவரை அளவுகோலாக வைத்தால் மற்ற எந்தப் பெண்ணும் தேறப்போவதில்லை. உண்மையான இடம் கிடைத்தது கன்னியர் மடங்களில். பிரான்சில் 1101இல் தொடங்கிய ஃபோந்தெவ்ரோ மடத்தில் துறவிப் பெண்களுக்கும் துறவி ஆண்களுக்கும் சேர்த்துத் தலைமை ஒரு பெண்தான். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைக்கப்படும்வரை அப்படியே நடந்தது. ஜெர்மனியின் ஹில்டகார்ட் இசை, மருத்துவம், இறையியல் என்று எழுதியது மடத்துக்குள் இருந்துதான். பெண்ணைத் திட்டி அதிகம் எழுதிய அதே சர்ச்தான் அவள் படிக்க ஓர் அறையையும் கொடுத்தது என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை.

பல்கலைக்கழகங்கள் வந்ததும் அந்த அறை சுருங்கியது. அங்கே படிப்பவன் சர்ச் எழுத்தர் என்பது கணக்கு, ஆகவே பெண்ணுக்கு இடமில்லை. 1322இல் பாரிசில் ஜாக்லின் ஃபெலிசி என்ற பெண்ணை, பட்டமில்லாமல் வைத்தியம் பார்த்ததாக மருத்துவத் துறையினர் வழக்கில் நிறுத்தினார்கள். பெரிய வைத்தியர்கள் கைவிட்ட தங்களை அவர் குணப்படுத்தினார் என்று நோயாளிகள் வந்து சாட்சி சொன்னார்கள். பெண்ணின் அந்தரங்க நோயைப் பெண் பார்ப்பதே முறை என்று அவரும் வாதாடினார். பெண் வழக்கறிஞராகவே முடியாது எனும்போது உயிரோடு விளையாடும் வைத்தியராக எப்படி முடியும் என்றது எதிர்த்தரப்பு. தடையும் அபராதமும் விதித்தார்கள்.

தத்துவம், மதம், ஷிவல்ரி என்ற மூன்று தரப்பையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்ட ஆள் என்றால் கிறிஸ்டீன் த பிசான். 1364இல் வெனிசில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சு அரசரின் சோதிடர், வைத்தியர். பதினைந்து வயதில் கல்யாணம், இருபத்தைந்தில் விதவை. மூன்று பிள்ளைகள், தாயார், கணவனுக்கு வர வேண்டிய பாக்கிக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற அலைச்சல். வயிற்றுப்பாட்டுக்கு எழுத ஆரம்பித்தார். பெண்ணை எப்படி மயக்கி வீழ்த்துவது என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் காலத்திலிருந்து நூல்கள் வருகின்றனவே, பெண்கள் அவ்வளவு சலனபுத்திக்காரிகள் என்றால் அவர்களை வீழ்த்த இவ்வளவு பெரிய வித்தை எதற்கு என்று 1399இல் ஒரு கவிதையில் கேட்டார். சிறிய கோட்டையைப் பிடிக்கப் பெரும்படை திரட்டுவார்களா? இதற்கு நேரான பதில் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அடுத்து, ஷிவல்ரி உலகம் தலையில் வைத்துக் கொண்டாடிய ரோஜாக் காவியம் என்ற பிரெஞ்சுக் காதல் காவியத்தின் மேல் கை வைத்தார். அதன் பிற்பகுதி பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்று 1401இல் தொடங்கிய கடிதச் சண்டையில் எதிரே நின்றவர்கள் அரசவைச் செயலர்கள். இவர் பக்கம் வந்தவர் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜான் ஜெர்சன், ஒரு குரு. யார் எந்தப் பக்கம் என்று பாருங்கள், நாம் நினைக்கும் வரிசையில் இல்லை.

1405இல் எழுதிய 'பெண்களின் நகரம்' நம் மத்தியோலஸிடமிருந்து ஆரம்பிக்கிறது. கிறிஸ்டீன் பொழுதுபோக்காக அந்தப் புத்தகத்தைப் பிரிக்கிறார், அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார், மூடி வைக்கிறார். மறுநாள் மறுபடி புரட்டுகிறார். இத்தனை பெரிய மனிதர்கள் ஒரே வாயாகச் சொன்னால் உண்மையாகத்தான் இருக்குமோ என்று தன் பிறப்பையே நொந்துகொள்கிறார். அப்போது அறிவு, நேர்மை, நீதி என்ற மூன்று பெண்கள் தோன்றி, உன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு இவர்கள் எழுதியதை ஏன் நம்புகிறாய் என்று கேட்கிறார்கள். பையன்களைப்போலப் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தால் அவர்களும் அப்படியே கற்பார்கள் என்று அறிவு சொல்கிறது. இதே நூலின் முடிவில், கெட்ட கணவன் வாய்த்தால் பொறுத்துப்போ என்றும் கிறிஸ்டீன் எழுதுகிறார். அவரை இன்றைய பெண்ணியவாதியாக்க நினைப்பவர்களுக்கு அந்தப் பக்கம் தொண்டையில் சிக்கும். 1410இல் போர்முறை பற்றியும் ஒரு நூல் எழுதினார். நைட்டுகள் படிக்க வேண்டிய பாடநூல். பாரிசில் 1488இல் அது அச்சானபோது அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு இங்கிலாந்தில் காக்ஸ்டன் என்ற அச்சுக்காரர் ஆங்கிலத்தில் அச்சிட்டபோது பெயர் இருந்தது.

நாம் இன்று ஷிவல்ரி என்று சொல்லும்போது மனதில் வரும் கதவைத் திறந்துவிடும் கனவான், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தயாரிப்பு. இடைக்காலத்தின் மேல் அவர்களுக்கு அப்போது ஒரு மோகம். 1839இல் ஸ்காட்லாந்தில் ஒரு பிரபு பழைய பாணியில் போட்டிச் சண்டை நடத்தப்போய், மழையில் எல்லாரும் நனைந்து திரும்பியதுகூட நடந்தது. அந்த இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து கணவனுக்குச் சொந்தம். முழுமையாக அது மாறியது 1882 சட்டத்தில்.

அந்தக் கனவான் மரபின் உச்சமாக எல்லாரும் காட்டுவது 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகில் ஏற்றியது. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்களை, உங்களுக்கு ஓட்டு வேண்டுமா படகு வேண்டுமா என்று அப்போது மடக்கினார்கள். பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் கணக்குப்படி முதல் வகுப்பில் பயணம் செய்த 144 பெண்களில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த 165 பெண்களில் பிழைத்தது 76 பேர்.